கண்ணாடி சுற்றும் கைப்பிடியைக் கழற்ற நெம்பலாமா?

மார்ச் 3, காலை 10.15 (கேள்வி)

பழைய கார். முன் கதவுக் கண்ணாடி பாதியில் நிற்கிறது, மேலே ஏற மறுக்கிறது. டோர் பேடை (கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் அட்டை) கழற்றிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஆர்ம்ரெஸ்ட்டில் இருந்த இரண்டு ஸ்குரூவும் வந்துவிட்டன. கண்ணாடி சுற்றும் கைப்பிடி மட்டும் கழலவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஸ்குரூ கண்ணில் படவில்லை. பெரிய ஸ்குரூ டிரைவரை அடியில் விட்டு நெம்பினால் வந்துவிடும் என்கிறார் நண்பர். நெம்பலாமா?

மார்ச் 3, காலை 10.50

நெம்பாதீர்கள். விவரம் அப்புறம் எழுதுகிறேன். முதலில் அந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வையுங்கள்.

மார்ச் 3, பகல் 1.20

இப்போது விவரமாக. கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷின் கதவுக்குள் இருக்கிறது. அதிலிருந்து ஒரு ஷாஃப்ட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி நுணுக்கமான பற்கள். கைப்பிடியின் ஓட்டையிலும் அதே பற்கள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதால்தான் கைப்பிடியைச் சுற்றினால் மெஷின் சுற்றுகிறது. ஆனால் கைப்பிடி கழன்று வெளியே வராமல் பிடித்து வைப்பது பற்கள் இல்லை, வேறொன்று. அது எது என்று தெரியாமல் கை வைத்தால் ஏதாவது உடையும்.

நான் பார்த்தவரை அது மூன்று விதம். முதலாவது, கைப்பிடியின் நடுவில் ஸ்குரூ. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். மூடி கைப்பிடியின் நிறத்திலேயே இருப்பதால் அது மூடி என்றே தெரியாது. சிலவற்றில் கைப்பிடியின் நீளத்துக்கும் ஒரு பட்டை ஓடும், அதை நகர்த்தினால் அடியில் ஸ்குரூ. 1960, 70களின் கிரைஸ்லர் கார்கள் பலவற்றில் நடுவில் நேரடியாகவே ஆலன் ஸ்குரூ (தலையில் அறுகோணக் குழி உள்ளது) இருக்கும். இரண்டாவது, குறுக்கு ஊசி. இது மிகப் பழைய கார்களில். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார்களில்கூட உண்டு. கைப்பிடிக்கு அடியில் இருக்கும் வட்டத் தட்டைக் கதவோடு சேர்த்து அழுத்தினால் ஷாஃப்ட்டுக்குக் குறுக்கே போகும் ஊசி தெரியும். மெல்லிய ஆணியால் தள்ளினால் வந்துவிடும். மூன்றாவதுதான் கண்ணுக்கே தெரியாதது: கிளிப். ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் இதுதான். ஸ்குரூ கண்ணில் படவில்லை என்கிறீர்கள், அதனால் உங்களுடையதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனாலும் நகத்தால் நடுப்பகுதியை ஒருமுறை சுரண்டிப் பாருங்கள். மூடி ஏதாவது அசைந்தால் உங்கள் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மார்ச் 3, பகல் 1.45

நெம்ப வேண்டாம் என்று அவ்வளவு அவசரமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அப்பா வைத்திருந்த காரில், ஓட்டுநர் பக்கக் கதவில், நான் அதைத்தான் செய்தேன். அகலமான ஸ்குரூ டிரைவரை அடியில் விட்டு ஒரு அழுத்து. கைப்பிடி பார்க்க இரும்பு மாதிரி இருந்தது. உண்மையில் அது அச்சில் வார்த்த துத்தநாகக் கலவை, மேலே குரோம் பூச்சு. வளையவே இல்லை, நடுவில் "டக்"கென்று இரண்டாகப் பிளந்தது. பிளந்த இடம் உள்ளே சாம்பல் நிறத்தில், உடைந்த சாக்பீஸ் மாதிரி மணல் மணலாக இருந்தது. அது மட்டும் இல்லை. நெம்பும்போது ஸ்குரூ டிரைவர் எதன்மேல் ஊன்றி நிற்கும்? டோர் பேடின் மேல்தான். அட்டையில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. கைப்பிடி புதிதாக வாங்கிப் போட்டாயிற்று. பள்ளம் இன்னும் இருக்கிறது. வண்டியில் ஏறும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகிறது.

மார்ச் 3, இரவு 8.30

மூடி எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, கிளிப்தான்.

என்னிடம் ஒரு கிளிப் தனியாக இருக்கிறது. அதை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஸ்பிரிங் கம்பியைக் குதிரை லாடம் போல வளைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் மூடிய வளைவு, அதை முதுகு என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்பக்கம் திறந்திருக்கிறது, அது வாய். வாயில் இரண்டு நுனிகளும் லேசாக வெளிப்பக்கம் மடங்கி இரண்டு சின்னக் கொம்புகள் மாதிரி நிற்கின்றன. இரண்டு கால்களும் நடுவில் கொஞ்சம் உள்ளே ஒடுங்கியிருக்கின்றன. கைப்பிடியின் அடியில் இரு பக்கமும் வெட்டிய இரண்டு பிளவுகள் வழியாக இந்தக் கால்கள் உள்ளே போய், ஷாஃப்ட்டைச் சுற்றியுள்ள பள்ளத்தில் உட்காருகின்றன. கைப்பிடியைப் பிடித்து நேராக இழுத்தால் கிளிப் பள்ளத்தை விடாது. அதனால்தான் எவ்வளவு பலம் போட்டாலும் வருவதில்லை. பக்கவாட்டில், முதுகு இருக்கும் திசையில் தள்ளினால் சுலபமாக நழுவும்.

செய்ய வேண்டியது இதுதான். பழைய பருத்தித் துணி ஒன்றை நீளவாட்டில் கிழித்துக்கொள்ளுங்கள். டோர் பேடை ஒரு கையால் உள்ளே அழுத்தினால் கைப்பிடிக்கும் அதன் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வாஷருக்கும் நடுவே 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். துணியை அந்த இடைவெளியில் நுழைத்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போல இரண்டு முனைகளையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுங்கள். துணி கிளிப்பில் மாட்டி அதை வெளியே இழுத்துவிடும்.

மார்ச் 4, காலை 7.10

அரை மணி நேரம் இழுத்தும் வரவில்லை, துணிதான் நார் நாராகக் கிழிந்தது என்கிறீர்கள். தவறு என்மேல். நேற்று இரவு எழுதியதில் மிக முக்கியமானதை விட்டுவிட்டேன்.

துணியை எந்தப் பக்கத்திலிருந்து நுழைப்பது, எந்தப் பக்கம் இழுப்பது என்று நான் சொல்லவே இல்லை. எல்லாமே அதில்தான் இருக்கிறது. கிளிப் முதுகுப் பக்கமாகத்தான் வெளியே வரும். அப்படியென்றால் தள்ள வேண்டியது அந்த இரண்டு கொம்புகளை. ஆகவே துணி வாய்ப் பக்கத்திலிருந்து நுழைய வேண்டும். துணியின் இரண்டு முனைகளும் முதுகுப் பக்கம் உங்கள் கையில் இருக்க வேண்டும். முதுகுப் பக்கமே இழுக்க வேண்டும். அப்போது துணியின் நடுப்பகுதி கொம்புகளில் போய் மாட்டும். மாற்றி நுழைத்தால் துணி கிளிப்பின் வழவழப்பான முதுகின்மேல் சும்மா தேய்ந்துகொண்டிருக்கும். ஒரு நாள் முழுக்க இழுத்தாலும் வராது. இன்னும் சொன்னால், அந்த இழுப்பு கிளிப்பை உள்ளேதான் அழுத்துகிறது. நேற்று உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 4, காலை 7.40

வாய் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? இதற்கு "எப்போதும் கைப்பிடியின் தண்டு இருக்கும் பக்கம்" என்று பதில் எழுதிவிட்டு, அனுப்பும் முன் ஒரு சந்தேகம் வந்து கீழே போய் என் வண்டியின் நான்கு கதவுகளையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். நல்லவேளை பார்த்தேன். மூன்றில் வாய் தண்டின் பக்கம். பின் இடது கதவில் மட்டும் நேர் எதிர். எப்போதோ யாரோ கழற்றி மாற்றி மாட்டியிருக்கிறார்கள். அதனால் "எப்போதும்" என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

பார்ப்பது கஷ்டமில்லை. டோர் பேடை விரல்களால் உள்ளே அழுத்திக்கொண்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் கதவோடு ஒட்டிப் பிடியுங்கள். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு நுனிகள் மினுங்கினால் அது வாய். ஒரே கம்பியாக வளைந்து போனால் அது முதுகு.

மார்ச் 4, காலை 8.05

ஒரு எச்சரிக்கை. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. துணியை மேல்நோக்கி இழுத்தால் கிளிப்பும் மேல்நோக்கித்தான் தெறிக்கும். நீங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அது ஸ்பிரிங் கம்பி, நேராக முகத்துக்கு வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

கைப்பிடி கொஞ்சமாவது சுற்றுகிறது என்றால் இதைவிட நல்ல வழி உண்டு. கிளிப்பின் முதுகு தரையைப் பார்க்கும்படி கைப்பிடியைத் திருப்பி வையுங்கள். துணியை மேலிருந்து நுழைத்துக் கீழே இழுங்கள். கொம்புகள் மேலே இருப்பதால் துணி மாட்டியதா என்று கண்ணுக்கும் தெரியும். கிளிப் தெறித்தாலும் கீழேதான் போகும். கதவு திறந்திருக்குமே, அடியில் ஒரு பழைய போர்வையை விரித்துவிடுங்கள்.

மார்ச் 4, பகல் 12.30

இன்னொரு வாசகர் வளைந்த கம்பியால் எடுப்பதாக எழுதியிருக்கிறார். அதுவும் சரி. ஆனால் திசையைக் கவனியுங்கள்: கொக்கி மாட்ட வேண்டியது முதுகில். முதுகைக் கொக்கியால் பிடித்து அதே பக்கம் வெளியே இழுக்க வேண்டும். இதற்கென்றே விற்கும் கவட்டை போன்ற தட்டைக் கருவி அதற்கு நேர்மாறு, அது வாய்ப் பக்கத்திலிருந்து நுழைந்து இரண்டு கொம்புகளையும் ஒரே நேரத்தில் தள்ளும். மூன்று வழியிலும் கிளிப் போகும் திசை ஒன்றுதான்.

துணியா கொக்கியா என்றால் நான் துணி என்றுதான் சொல்வேன். கொக்கி வழுக்கினால் டோர் பேடில் கீறல் விழும். துணியால் எதையும் கீற முடியாது. பெரும்பாலும் கிளிப்பும் அந்தத் துணியிலேயே மாட்டிக்கொண்டு வரும், தேட வேண்டிய வேலை இல்லை.

மார்ச் 4, பகல் 12.50

துணியைப் பற்றி ஒரு வரி. தடிமனான டவல் இடைவெளியில் நுழையாது. நைலான் கலந்த துணி வழுக்கும். துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி வேட்டித் துணி மாதிரி மெல்லியதுதான் வேண்டும். அதன் இழைகள்தான் கொம்பில் மாட்டுகின்றன. ஓரம் தைத்த பக்கத்தை உபயோகித்தால் சீக்கிரம் கிழியாது.

மார்ச் 5, இரவு 9.15

வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்! மூன்றாவது இழுப்பிலேயே! மிகவும் சந்தோஷம்.

கிளிப் எங்கேயோ போய்விட்டது என்பதுதான் வருத்தம். கதவின் அடிப்படி, சீட்டின் இரும்புத் தண்டவாளம், கால் மேட்டின் அடியில், இந்த மூன்று இடத்திலும் பாருங்கள். ஒரு காந்தத்தை நூலில் கட்டி மெதுவாக இழுத்துப் போனால் கிளிப் தானாக வந்து ஒட்டும். உடனே தேடிவிடுங்கள். சீட் தண்டவாளத்துக்குள் அது கிடந்தால் சீட்டை நகர்த்தும்போது சிக்கும்.

கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கிளிப் தனியாகக் கிடைக்கும். ஆனால் ஒன்று, கிளிப் இல்லாமல் கைப்பிடியை அப்படியே அழுத்தி வைத்து ஓட்டாதீர்கள். பற்கள் பாதி ஆழம்தான் பிடிக்கும், சுற்றச் சுற்ற அவை தேயும். பிளாஸ்டிக் கைப்பிடியாக இருந்தால் சில வாரத்தில் வழவழவென்று ஆகி வெறுமனே சுழலும்.

மார்ச் 5, இரவு 9.40

கழற்றும் முன் சொல்லியிருக்க வேண்டிய இன்னொன்று. கண்ணாடி முழுக்க மேலே இருக்கும்போது கைப்பிடி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பேப்பர் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்வது வழக்கம். உங்கள் கண்ணாடி பாதியில் நிற்பதால் அது முடிந்திருக்காது. எதிர்ப்பக்கக் கதவைப் பாருங்கள், அதை வைத்து மாட்டிக்கொள்ளலாம். ஷாஃப்ட்டில் 24 பற்கள் இருந்தால் ஒரு பல் மாறினால் 15 டிகிரி மாறும். ஒரு பல் பரவாயில்லை. ஐந்தாறு பல் மாறினால் கைப்பிடி முழங்காலில் இடிக்கும்.

மார்ச் 6, காலை 6.50

டோர் பேடை இழுக்கும் முன்: ஓரம் முழுக்கப் பிளாஸ்டிக் பட்டன்கள் கதவின் ஓட்டைகளில் சொருகியிருக்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் அடியிலேயே அகலமான பிளாஸ்டிக் கரண்டி மாதிரி ஏதாவது விட்டுத் தூக்குங்கள். நடுவில் பிடித்து இழுத்தால் பட்டன் கதவிலேயே நிற்கும், அட்டைதான் கிழிந்து வரும்.

உள்ளே பிளாஸ்டிக் ஷீட் ஒன்று கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். தயவுசெய்து அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கண்ணாடியில் வழியும் மழைத்தண்ணீர் கதவுக்குள்தான் இறங்குகிறது, கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே போகிறது. அந்தத் தண்ணீர் டோர் பேடுக்கு வராமல் தடுப்பது இந்த ஷீட்தான். அது இல்லாமல் மாட்டினால் முதல் மழையிலேயே அட்டை ஊறும், கால் மேட் நனையும். அப்புறம் எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று வண்டி முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

அடியில் இருக்கும் ஓட்டைகளையும் ஒரு குச்சியால் குத்தி விடுங்கள். இலைச்சருகும் மண்ணும் அடைத்திருக்கும்.

மார்ச் 6, இரவு 10.05

மெஷினைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் கண்ணாடியை மேலே தூக்கி, கதவின் சட்டத்தோடு சேர்த்து அகலமான டேப்பால் இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். போல்ட்டு கழன்றதும் கண்ணாடி கதவுக்குள் பொத்தென்று விழும்.

பல்சக்கரத் தகடு வைத்த மெஷின் என்றால் அதில் கடிகாரச் சுருள் மாதிரி ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கும். கண்ணாடியின் எடையைத் தாங்கிக் கைக்கு லேசாக்குவது அதுதான். முறுகி நிற்கும் ஸ்பிரிங். தகட்டைப் பிரித்தால் கத்தரிக்கோல் மாதிரி வெட்டும், விரல் நடுவில் இருக்கக் கூடாது. கேபிளால் இழுக்கும் மெஷினில் இந்தப் பயம் இல்லை. கதவுத் தகட்டின் ஓரங்களும் கூர்மை, கையுறை போடுங்கள்.

மார்ச் 6, இரவு 10.30

நான் முதல்முறை கதவைத் திறந்து பார்த்தபோது ஒரு கண்ணாடிக்காக இவ்வளவு இடம் போகிறதே என்று ஆச்சரியப்பட்டேன். 1959இல் வந்த மினி காரில் இதையெல்லாம் வைக்காமல், பக்கவாட்டில் தள்ளும் கண்ணாடிதான் போட்டார்கள். அதனால் கதவுக்குள் மிச்சமான இடம் முழுக்கப் பெரிய பொருள் பெட்டியானது. சுற்றி இறக்கும் கண்ணாடி பிரிட்டன் மினியில் 1969இல்தான் வந்தது. மாறாக, அமெரிக்கக் கார் நிறுவனமான பாக்கார்டு 1940லேயே பட்டனை அழுத்தி இறக்கும் கண்ணாடியைக் கொடுத்துவிட்டது. ஆனாலும் இந்தக் கைப்பிடி லேசில் போகவில்லை. ஜீப் ராங்ளரின் அடிப்படை வகையில் 2024 மாடல் வரைக்கும் இருந்தது.

எனக்கு இது பிடிக்கும். பேட்டரி செத்துக் கிடந்தாலும் கண்ணாடி இறங்கும். பாரம் கூடுகிறது என்று கையே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

மார்ச் 8, காலை 7.20

கண்ணாடி ஓடும் வெல்வெட் பள்ளம் காய்ந்து, தூசி அடைத்துத்தான் நின்றது என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். மெஷின் நன்றாக இருக்கிறது என்பது பெரிய நிம்மதி. பள்ளத்தைத் துடைத்துவிட்டு சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். அங்கே கிரீஸ் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கண்ணாடியிலும் ஈஷும். கிரீஸ் மெஷினின் பற்களுக்கும் உருளைக்கும் மட்டும்.

கேட்டிருந்தீர்களே, கையை எடுத்தாலும் கண்ணாடி ஏன் தானாக இறங்குவதில்லை என்று. ஷாஃப்ட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன டப்பாவுக்குள் சுருள் ஸ்பிரிங் ஒன்று இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. கைப்பிடி பக்கமிருந்து சுற்றினால் அந்தச் சுருள் சுருங்கி டப்பாவை விட்டுவிடும், சுற்ற முடியும். கண்ணாடி பக்கமிருந்து எடை அழுத்தினால் சுருள் விரிந்து டப்பாவின் சுவரைக் கவ்விக்கொள்ளும். அதனால் நீங்கள் சுற்றலாம், கண்ணாடி உங்களைச் சுற்ற முடியாது.

மார்ச் 8, இரவு 8.45

திரும்ப மாட்டுவது கழற்றுவதைவிடச் சுலபம். கிளிப்பை ஷாஃப்ட்டில் வைத்துவிட்டுக் கைப்பிடியை அழுத்த வேண்டாம். கிளிப்பை முதலில் கைப்பிடியின் பிளவுகளில் மாட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் வாஷரை ஷாஃப்ட்டில் போடுங்கள். கோணம் பார்த்துக் கைப்பிடியைப் பற்களில் வைத்து, உள்ளங்கையால் ஒரே தட்டு. "கிளிக்" என்று கேட்கும். இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது.

"கிளிக்" கேட்காவிட்டால் டோர் பேட் முழுக்க உட்காரவில்லை என்று அர்த்தம். அது முன்னே தள்ளிக்கொண்டிருப்பதால் கைப்பிடி பள்ளம் வரை போகவில்லை. பேடை அழுத்திக்கொண்டு மறுபடி தட்டுங்கள். சுத்தியல் வேண்டாம்.

மார்ச் 8, இரவு 9.00

வாஷரை விட்டுவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்கிறார். விடக் கூடாது. அது இல்லாவிட்டால் கைப்பிடி ஒவ்வொரு சுற்றுக்கும் டோர் பேடை அரைக்கும். வட்டமாகத் தேய்ந்து அட்டை வெளியே தெரியும் பழைய கார்களைப் பார்த்திருப்பீர்கள், அது வாஷர் இல்லாமல் ஓடியதால்தான். வழவழப்பான பக்கம் கைப்பிடியைப் பார்த்து இருக்க வேண்டும்.

மார்ச் 9, காலை 11.30

சற்று முன் பின் இடது கதவின் கைப்பிடியைக் கழற்றினேன், அந்தத் திருப்பி மாட்டிய கிளிப்புக்காக. மற்ற மூன்றையும் போல மாட்டினால் அடுத்து கழற்றுகிறவர் குழம்ப மாட்டார். துணியை எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைத்து, இரண்டு இழுப்பு, வந்துவிட்டது. கிளிப் துணியிலேயே மாட்டியிருந்தது. ஒரு கொம்பு மட்டும் கொஞ்சம் நேராகியிருந்ததால் குறடால் பழையபடி வளைத்து, வாய் தண்டின் பக்கம் வரும்படி மாட்டித் தட்டினேன். கேட்டது.